தோழன் கழறும் பாட்டு

இருவர் இயற்றிய பாட்டின் உயிர் எவருடையது? அமெரிக்க ஈகிள்ஸ் குழுவின் 'டெஸ்பராடோ' இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. 1960களின் பிற்பகுதியில் டான் ஹென்லி தொடங்கி முடிக்காது வைத்திருந்த பாட்டுக்குக் கிளென் ஃப்ரே துணைநின்று முழுவடிவம் தந்தார். 1973இல் இலண்டனில், வயலின் முதலான நரம்பிசை சூழ, அது பதிவாயிற்று.

நம் அகத்துறையில், காதல்வயப்பட்ட தலைவனைப் பாங்கன் கழறுவான். இங்கோ, காதலுக்கு அஞ்சித் தனிமையையே அரணாகக் கொண்டவனைத் தோழன் கழறுகின்றான். பியானோவின் நிதானமான நடையே அவ்வறிவுரையைக் கசக்காமற் காக்கின்றது. இறுதியில் நரம்பிசை சற்றே மிகுந்து ஒலிப்பது குறையே. அப்பதிவில் தம் குரல் நிறைவாக அமையவில்லை என்று ஹென்லியும் கருதினார்.

அது தனித்தட்டாக வெளிவரவில்லை. அதனைத் தாங்கிய இசைத்தட்டும் அமெரிக்க விற்பனை வரிசையில் 41ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. அவ்வாண்டே லிண்டா ரான்ஸ்டாட் பாடியதும், 1976இல் பெருவிற்பனை கண்ட தொகுப்பில் சேர்ந்ததும் அதனைப் பலர் செவிக்குக் கொண்டுசென்றன.

தனித்திராதே என்று சொல்லும் பாட்டைத் தொடங்கியவரே தனித்து முடிக்கவில்லை. நாம் எழுப்பிய வினாவிற்கு விடை அதுவேயாம்.