இசைத்தட்டில் பதிந்த துக்கம் யாருடையது?

1946 ஜூலை 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரால் நிலையாக நிற்கவே முடியவில்லை. ஹெராயின் கிடைக்காத தவிப்பை மது ஊற்றி அடக்கப் பார்த்திருந்தார். ‘லவர் மேன்’ பாட்டுக்குப் பியானோவின் முன்னிசை முடிந்த பிறகும் சாக்ஸபோனைக் காணோம். பிந்தி நுழைந்து, தடுமாறி, எப்படியோ கரையேறியது. அன்றிரவே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த ஆறு மாதம் போல கமரில்லோ மனநல மருத்துவமனையில் கழிந்தது. டயல் நிறுவனம் அந்தப் பதிவை வெளியிட்டதில் பார்க்கருக்குத் தாளாத கோபம். பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸோ அதைப் பார்க்கரின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாக மதித்தார்.

வாசித்தவருக்கு அவமானம், கேட்டவருக்கு உருக்கம். அப்படியானால் அந்த உருக்கம் ஒலியில் இருந்து வருகிறதா, நாம் படித்துவைத்திருக்கும் வாழ்க்கைக் கதையில் இருந்து வருகிறதா?

இசையியலாளர் லெனர்ட் மேயர் 1956இல் எழுதிய நூல் கதையைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று காது எதிர்பார்க்கிறது. அது தள்ளிப்போகும்போதோ திசை மாறும்போதோதான் உணர்ச்சி பிறக்கிறது என்பது அவர் கட்சி. 2011இல் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழு மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, புல்லரிக்கும் உச்சத்தில் மட்டுமல்ல, அதற்குச் சில விநாடி முன்பே டோபமைன் சுரப்பது தெரிந்தது. மேயரின் ஊகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 1939இல் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாகின்ஸ் பதிவுசெய்த ‘பாடி அண்ட் சோல்’ இந்த வித்தையின் உச்சம். தொடக்கத்தில் மெட்டைச் சற்றே கோடிகாட்டுகிறார். பிறகு கடைசிவரை அதன் பக்கம் திரும்புவதே இல்லை. அன்றைய கேட்பவர்களுக்கு மெட்டு மனப்பாடம். வராத மெட்டுக்காகக் காத்திருப்பதே சுகம்.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ (சிகாகோ, 1928) இன்னும் நேரடியானது. துணையில்லாமல் தனி டிரம்பெட் கால் நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாமல் ஏறி இறங்குகிறது. கடைசிச் சுற்றில் ஒரே உச்ச ஸ்வரத்தை நாலு தாள அளவு போல நிறுத்திப் பிடிக்கிறார். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாதவரையும் அது உலுக்கும்.

பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு விஷயம் வேறு. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் பதிவான அந்த இசையில் கிளாஸ்கள் உரசும் சத்தமும் மேசைப் பேச்சும் கேட்கும். பதினோரு நாள் கழித்து பேஸ் வாசித்த 25 வயது ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அன்றிலிருந்து அதை ஓர் இரங்கல் கச்சேரியாகவே கேட்டு எழுதுகிறார்கள். வாசித்த மூவரும் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார்கள் என்பதை லஃபாரோவின் பேஸே சொல்கிறது. அந்தத் துக்கம் நாம் பின்னால் கொண்டுபோய் வைத்தது.

இதற்கு நேர்மாறு பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ (1958). குரல் உடைந்து, மூச்சு குறைந்து, வயலின்களின் மெத்தையில் சாய்ந்து பாடுகிறார். இசைக்கோர்ப்புச் செய்த ரே எல்லிஸுக்கே முதலில் அவர் பாடியது பிடிக்கவில்லை; பதிவு முழுமையாகிக் கேட்டபோதுதான் கருத்தை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஹாலிடே காலமானார். இங்கே கதையும் ஒலியும் வேறுவேறல்ல. ஒவ்வொரு சொல்லையும் அவர் இழுத்து விடும் விதத்திலேயே அந்த வாழ்க்கை கேட்கிறது.

ஜான் கோல்ட்ரேனைத்தான் எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை. 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் கொல்லப்பட்டார்கள்; நவம்பரில் அவர் ‘அலபாமா’வைப் பதிவுசெய்தார். பெயர் ஒரு சொல்தான். அது தெரியாமல் கேட்டாலும் அந்த சாக்ஸபோன் பிரார்த்தனை என்பது புரியும்; யாருக்காக என்பதைப் பெயர்தான் சொல்கிறது.

பார்க்கர் விஷயத்தில் தீர்ப்பு அவர் பக்கமே சாய வேண்டும். ‘லவர் மேன்’ ஒரு நோயாளியின் ஒலிப்பதிவு. அவருடைய கலையைக் கேட்க 1945இல் பதிவான ‘கோ கோ’ இருக்கிறது. முதல் தடவை கேட்பவர்கள் இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் கேளுங்கள், பிறகு படியுங்கள். கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ மட்டும் விதிவிலக்கு. அதன் கடைசிப் பகுதியில் சாக்ஸபோன், உறைக்குள் அச்சிட்ட அவருடைய கவிதையைத்தான் சொல் சொல்லாக வாசிக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.