பட்டினமும் படிதாண்டாப் பெண்ணும்

மனிதன் வீட்டைவிட்டு ஏன் புறப்படுகிறான்? கூரை இருக்கிறது, சோறு இருக்கிறது, சுற்றம் இருக்கிறது. ஆயினும் கால்கள் வாயிலை நோக்கியே நிற்கின்றன. ஏன்? இவ்வினாவைப் பட்டினப்பாலையிடம் கேட்டுப் பார்ப்போம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூல் 301 அடிகள் கொண்டது. கதையோ மிகச் சிறிது. பொருள் தேடப் போவோம் என்று தூண்டுகிறது நெஞ்சம். புகார் நகரமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிய மாட்டேன் என்று மறுக்கிறான் தலைவன். செலவழுங்குதல் என்பர் இலக்கணம் வல்லார். அம்மறுப்பு வருமுன் 200 அடிகளுக்கும் மேலாகப் புகாரின் வளமே நம் கண்முன் விரிகிறது.

இதனைக் காதலின் வெற்றி என்று புலவர் போற்றுவர். காதலை நாமும் போற்றுகிறோம். ஆனால், புகார் எவரால் புகாராயிற்று? கடல்வழியே குதிரைகள் வந்தன. வடமலையின் பொன்னும், குடமலையின் சந்தனமும், தென்கடல் முத்தும், கீழ்க்கடல் பவளமும், ஈழத்து உணவும் வந்து குவிந்தன. வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தவர்களா இவற்றைக் கொணர்ந்தார்கள்? பல மொழி பேசும் மக்கள் தம் ஊர் நீங்கி வந்து, அங்கே கலந்து இனிது வாழ்ந்தனர் என்று புலவரே சொல்கிறார். போகமாட்டேன் என்பவன் வாயிலிருந்தே போனவர்களின் புகழ் பிறக்கிறது! பாட்டின் முரணும் இதுவே, அழகும் இதுவே.

பிரிவுக்குக் காரணங்கள் கூறும் தொல்காப்பியம், பொருளோடு கல்வியையும் போரையும் தூதையும் சேர்த்து எண்ணுகிறது. வயிறு மட்டுமன்று, அறிவும் மனிதனை அழைத்தது என்பது இதனால் விளங்கும். ஆனால், பெண்ணோடு கடற்செலவு இல்லை என்று அந்நூலே விதிப்பதாக உரைகாரர் பொருள் கொள்வர். வைதிக நூல்களோ ஆடவனுக்கும் கடலை அடைத்தன. கடற்பயணத்தைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக எண்ணுகிறது பௌதாயன தர்ம சூத்திரம். 1888-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய காந்தியாரை அவர் சாதியார் விலக்கி வைத்தனர். ஆடவன் அத்தளையை அறுத்தான். பெண்?

இப்பாட்டை வகுப்பில் நாம் நடத்தியபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, போகலாமா என்று அவன் தன் நெஞ்சைக் கேட்டான். அவளுக்கும் எங்காவது போக விருப்பம் உண்டா என்று யாராவது கேட்டார்களா?" என்றாள். விடையின்றி நின்றோம். அடுத்த ஆண்டு அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. "பெண்பிள்ளை தனியே போவதா?" என்று வீட்டார் தடுத்துவிட்டனர். அவள் தமையன் அதே ஆண்டில், அதைவிடத் தொலைவான நகருக்குப் படிக்கச் சென்றான். இரயிலடி வரை சென்று வழியனுப்பி வந்தவள் அவள்தான்!

பட்டினப்பாலையைப் பழிப்பது நம் நோக்கமன்று. போகவும் தங்கவும் உரிமை பெற்றவன் அத்தலைவன். போகக்கூடியவன் தங்கினான், அதனால்தான் அவன் தங்கியது காதலாயிற்று. கதவைப் பூட்டிவிட்டு, "அவளுக்கு வீடே விருப்பம்" என்றால் அது விருப்பமா? சிறையன்றோ!

இளைஞர்களே! பயணத்தின் பெருமையை மேடையில் முழங்குமுன் உங்கள் வீட்டு வாயிலைப் பாருங்கள். அடுத்த முறை சீட்டு வாங்கும்போது, தங்கைக்கும் ஒன்று வாங்குங்கள். போவதா, தங்குவதா என்பதை அவள் நெஞ்சம் சொல்லட்டும்.