கேசட்டில் இல்லாத டிலன்

பாப் டிலனைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் தங்கள் பக்தியை நிரூபித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். என்னிடம் நிரூபிக்க ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த டிலன் பாட்டு மிஞ்சிப்போனால் பதினைந்து இருக்கும். அதில் பாதி, 2016இல் நோபல் பரிசு அறிவித்தபோது ‘யாருய்யா இந்த ஆளு’ என்று தேடிப்போய்க் கேட்டவை.

2024 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டிலன் மூன்று இரவுகள் பாடினார். 2021இல் தொடங்கிய ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ சுற்றுப்பயணத்தின் அந்த வருடத்துக் கச்சேரிகள் அங்கேதான் முடிந்தன. டிலனுக்காக ஊர் ஊராகப் போகும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனோடு வரவேண்டியவர் வரவில்லை, அந்த டிக்கெட் எனக்கு வந்தது. அவ்வளவுதான் என் தகுதி.

வாசலிலேயே செல்பேசியை ஒரு பைக்குள் போட்டுப் பூட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே பெரிய திரை கிடையாது. மங்கலான வெளிச்சத்தில் பியானோவுக்குப் பின்னால் 83 வயதுக் கிழவர் ஒருவர். நாங்கள் இருந்த உயரத்திலிருந்து தலைமுடி தெரிந்தது. சில சமயம் அதுவும் தெரியவில்லை.

இரண்டாவது பாட்டு பாதி போயிருக்கும். நண்பன் காதில் கேட்டேன்.

“இது எந்தப் பாட்டுடா?”

“உனக்குத் தெரிஞ்ச பாட்டுதான். ‘இட் எய்ன்ட் மீ பேப்’.”

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பதினைந்தே பாட்டு தெரிந்தவனுக்கு அதில் ஒன்று அடையாளம் தெரியாமல் போவது என்ன நியாயம்? மெட்டு இல்லை, அந்தக் கிதார் இல்லை. வார்த்தைகள் மட்டும் எங்கோ தாமதமாக வந்து, வரியின் கடைசியில் அவசரமாக மடிந்துகொண்டன. ‘பிளோயிங் இன் த விண்ட்’ வருமா, ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ வருமா என்று கேட்டதற்கு நண்பன் சிரித்தான். பதினேழு பாட்டில் ஒன்பது, 2020இல் வந்த ஒரே ஆல்பத்திலிருந்து. மற்ற எட்டிலும் நான் கேட்ட இரண்டும் இல்லை.

நம் ஊர் மெல்லிசைக் கச்சேரியில் ஒருவரை உச்சியில் தூக்கிவைக்க ஒரே வாக்கியம் போதும்: “அப்படியே கேசட்ல கேட்ட மாதிரி இருந்துச்சு.” நான் அந்தக் காதோடுதான் போயிருந்தேன். கர்நாடக சங்கீதம் கேட்கும் காதோடு போயிருக்க வேண்டுமோ என்று நடுவில் தோன்றியது. அங்கே ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும்போது, போன வாரம் இப்படிப் பாடலையே என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் இந்த ஒப்புமை ரொம்ப தூரம் வராது. நிரவலில் ராகம் நிற்கும், தாளம் நிற்கும், ரசிகன் தொடையில் தட்டிக்கொண்டு கூடவே போகலாம். டிலன் மெட்டையும் நடையையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார். ‘வென் ஐ பெய்ன்ட் மை மாஸ்டர்பீஸ்’ பாட்டில் வார்த்தைகளையே மாற்றிவிட்டார். பிடித்துக்கொள்ள என்ன மிச்சம்?

இதில் எல்லாமே மேதைமை என்று நான் நம்பவில்லை. ‘டெசலேஷன் ரோ’ 1965 ரெக்கார்டில் டிரம்ஸ் இல்லாமல், பதினொரு நிமிஷத்துக்கு மேல் நிதானமாக நகரும் பாட்டு. இங்கே ஜிம் கெல்ட்னரின் டிரம்ஸ் அதைக் குதிரை மாதிரி ஓட்டியது. ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்வலமாக வரவேண்டிய அந்தப் பாத்திரங்கள் ஒவ்வொருவராக முகம் காட்ட நேரமே இல்லை. அரங்கம் அதற்கும் எழுந்து கைதட்டியது. 1966 மே மாதம் இதே அரங்கில்தான் டிலனின் அந்த வருடத்து உலகச் சுற்றுப்பயணம் முடிந்தது. எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கியதற்காக ஊர் ஊராக வசை வாங்கிய பயணம் அது. மான்செஸ்டரில் ஒருவர் “யூதாஸ்!” என்றே கத்தினார். அந்த இரவின் திருட்டுப் பதிவு பல வருஷம் ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற தப்பான பெயரில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிக் கத்தியவரிடம் ஒரு எதிர்பார்ப்பாவது இருந்தது. இப்போது இவர் எதைச் செய்தாலும் நாங்கள் தட்டுகிறோம்.

இவ்வளவு குறை சொன்னவன், ‘கீ வெஸ்ட்’ வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். அதற்குமுன் நான் கேட்டிராத பாட்டு. பாட்டு என்பதைவிட, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வது போல. வாத்தியங்கள் பின்னால் ஒதுங்கிக்கொண்டன. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ‘பிளாக் ரைடர்’, ‘மதர் ஆஃப் மியூசஸ்’ இரண்டிலும் அதேதான் நடந்தது. யோசித்தால் காரணம் எளிது. பழைய பாட்டுகளை எழுதியவனுக்கு இருபது சொச்சம் வயசு, அவை அந்தத் தொண்டைக்காக எழுதப்பட்டவை. இன்றைய டிலன் அவற்றை உடைத்துத்தான் தன் குரலுக்குள் கொண்டுவர முடியும். புதியவற்றை உடைக்கத் தேவையில்லை, அவை இந்தக் கரகரப்பிலிருந்தே பிறந்தவை.

என் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. தெரிந்த பாட்டு வந்தபோதெல்லாம் என் காது கணக்குப்பிள்ளை மாதிரி ரெக்கார்டோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரியாத பாட்டில் அதற்கு வேலை இல்லை. தீவிர ரசிகனான என் நண்பனுக்கு அந்த விடுதலை கிடையாது. அவனுக்கு ‘கீ வெஸ்ட்’டே போன தடவையைவிட மெதுவா வேகமா என்ற கவலை. மூன்று வருஷப் பயணத்தில் அந்தப் பாட்டை எத்தனை விதமாகக் கேட்டானோ.

கடைசிப் பாட்டு ‘எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்’. முடிவில் மவுத் ஆர்கனை எடுத்தார். அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தெரிந்த டிலன். தொண்டைக்குத்தான் வயசாகிறது போல. பக்கத்தில் என் அப்பா வயதுக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்து பூட்டைத் திறந்துவிட்டார்கள். சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது செல்பேசியில் ‘இட் எய்ன்ட் மீ பேப்’ 1964 ரெக்கார்டைப் போட்டேன். 23 வயசுப் பையன், கணீரென்று, எல்லாம் அதனதன் இடத்தில். நண்பன் இயர்போனின் ஒரு முனையை வாங்கிக் காதில் வைத்தான். கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.

“அவசரப்படறான்டா,” என்றான்.