அர்ஸமாஸ் இரவும் காரணமில்லாத அச்சமும்

1869 செப்டம்பர் தொடக்கத்தில் டால்ஸ்டாய் பென்ஸா மாகாணத்தில் விலைக்கு வந்திருந்த ஒரு பண்ணையைப் பார்க்கக் கிளம்புகிறார். வயது 41. 'போரும் அமைதியும்' ஏறக்குறைய முடிந்துவிட்டது. மனைவி, குழந்தைகள், சொத்து, புகழ் எல்லாம் இருக்கிறது. வழியில் அர்ஸமாஸ் என்ற சிற்றூரில் ராத்தங்கல். இரவு 2 மணி. நல்ல அசதி, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, உடம்பில் எங்கும் வலி இல்லை. திடீரென்று அதுவரை அறியாத ஒரு திகில் அவரைப் பிடிக்கிறது. துள்ளி எழுந்து வண்டியைப் பூட்டச் சொல்கிறார்.

இரண்டு நாள் கழித்து மனைவி சோஃபியாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். டால்ஸ்டாய் ஆய்வாளர்கள் 'அர்ஸமாஸ் திகில்' என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 15 வருடம் கழித்து, 1884இல், இதையே கருவாக வைத்து 'ஒரு பைத்தியக்காரனின் குறிப்புகள்' என்ற கதையைத் தொடங்கினார். முடிக்கவில்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1912இல் அது அச்சில் வந்தது. (ஏறக்குறைய இதே பெயரில் இருக்கும் கோகோல் கதையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு பைத்தியம்.)

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மரணம், கடவுள், மனமாற்றம் என்று போவார்கள். அதெல்லாம் கதையில் இருப்பதுதான். நான் கேட்க விரும்புவது அதைவிட எளிய கேள்வி. ராத்திரி 2 மணிக்கு இப்படி எழுந்து உட்காரும் ஒருவருக்கு இந்தக் கதை எதுவரைக்கும் துணை வருகிறது? எங்கே கையை விட்டுவிடுகிறது?

கேள்வியில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். முப்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருடம் இந்த இரவுகள் எனக்கும் வாய்த்தன. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து யாரோ பிடித்துத் தூக்கி உட்கார வைத்தமாதிரி விழிப்பு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், மூச்சு பாதியில் நிற்கும். கெட்ட கனவு எதுவும் கண்டிருக்க மாட்டேன். 'செத்துப்போகப் போறோம்' என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு டியூட்டி டாக்டர் சொன்னார்: "ஒண்ணுமில்ல சார், கேஸ்தான். போய்த் தூங்குங்க." முதல் தடவை நெஞ்சு அடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்புவது விசித்திரமான விஷயம். ஒன்றுமில்லாத ஒன்று நம்மை இப்படி உலுக்கியது என்றால், அடுத்த ராத்திரி எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது பேயும் தெய்வமும், மிருகம், திருடன், தன் அரசன். நாலும் வெளியிலிருந்து வருபவை. இன்றைக்கும் பட்டியல் பெரிதாக மாறிவிடவில்லை. இறை என்ற இடத்தில் மேனேஜரைப் போட்டுக்கொள்ளலாம். அச்சம் என்றால் அஞ்சத்தக்க ஒன்று எதிரில் இருக்க வேண்டும் என்பது நம் பழைய இலக்கணம். அதே இலக்கணம்தான் உணர்ச்சிக்கு 'மெய்ப்பாடு' என்றும் பெயர் வைத்திருக்கிறது. மெய்யில், உடம்பில், தோன்றுவது. நடுராத்திரித் திகில் இந்த இரண்டையும் பிரித்துப்போட்டுவிடுகிறது. மெய்ப்பாடு முழுசாக இருக்கிறது, வியர்வை, நடுக்கம், படபடப்பு எதுவும் குறைவில்லை. நிலைக்களன் மட்டும் காலி.

காலி இடத்தை மனம் சும்மா விடாது. நம் ஊரில் பாட்டிகள் 'காத்து கருப்பு' என்று திருநீறு போட்டுவிடுவார்கள். அது அணங்கை அந்த இடத்தில் உட்கார வைப்பது. டாக்டர் 'கேஸ்' என்றார். டால்ஸ்டாய் அந்த இடத்தில் மரணத்தை உட்கார வைத்தார்.

முதலில் கதையின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். அர்ஸமாஸ் பக்கங்களைப் போல இந்த அனுபவத்தைத் துல்லியமாகச் சொன்ன புனைவு எதையும் நான் படித்ததில்லை. கதைசொல்லி வந்து இறங்கும் வீடு வெள்ளையடித்த சின்ன வீடு. காரணமில்லாமல் அது சோகமாகத் தெரிகிறது. கதவு திறக்கும் ஆளின் கன்னத்தில் ஒரு மறு. அந்த மறு கொடூரமாகப் படுகிறது. அறை வெள்ளையடித்த சதுரம், ஒரே ஜன்னல், அதில் சிவப்புத் திரை. அறை சதுரமாக இருப்பதே அவனுக்கு வேதனையாக இருக்கிறது. பிறகு திகில் வரும்போது அதற்கே நிறமும் வடிவமும் வந்துவிடுகின்றன: சிவப்பு, வெள்ளை, சதுரம்.

இதை வெறும் குறியீடாக வாசிப்பது கதையைக் குறைத்துப் பார்ப்பது. மூளை ஆபத்து மணியை அடித்துவிட்டது, ஆனால் ஆபத்து எங்கே என்று தெரியவில்லை. அப்போது கண்ணில் படுகிற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். மின்விசிறியின் நிழல், பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம், போன் சார்ஜரின் பச்சை விளக்கு. சதுர அறை அப்படித்தான் குற்றவாளியாகிறது. இன்னோர் இடத்தில் கதைசொல்லி தன் தவிப்பை வாந்தி வருவதற்கு முந்தைய உணர்வோடு ஒப்பிடுகிறான். ஆனால் உடனே, இது ஆத்மாவில் நிகழ்வது என்று திருத்திக்கொள்கிறான். கதையின் மொத்தச் சிக்கலும் எனக்கு அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. எழுத்தாளரின் கை உடம்பைத் தொட்டுவிட்டது. சிந்தனையாளர் அதைப் பிடித்து இழுத்துவிட்டார்.

உடம்பில் நடப்பது என்ன என்பது இன்று ஓரளவு தெரியும். இது தனி நோயாகப் பெயர் பெற்றதே 1980இல், அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான். அதற்கு முன் படைவீரர்களிடம் கண்டபோது 'எரிச்சலுற்ற இதயம்' என்றார்கள். 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். தூக்கத்தில் வரும் திகில் பெரும்பாலும் கனவு காணும் கட்டத்தில் வருவதில்லை. உறங்கிய முதல் சில மணி நேரத்துக்குள், லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்கும் இடத்தில் வருகிறது. அதனால்தான் கெட்ட கனவு கண்டோம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதற்கு ஒரு சுழல் மாதிரியை முன்வைத்தார். பொறியியல் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இதயம் ஒரு துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறது. மனம் அதை 'ஆபத்து' என்று படிக்கிறது. அந்தப் படிப்பு அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. துடிப்பு இன்னும் கூடுகிறது. 'பார்த்தியா, நெசமாவே ஆபத்துதான்' என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரலும் உதடும் மரத்துப்போகின்றன, அது அடுத்த சாட்சி. திருவிழா மைக்செட்டில் ஸ்பீக்கர் சத்தம் மைக்கிலேயே திரும்பப் போய் 'கீ...' என்று ஊளையிடுமே, அதேதான். பாடகர் மேல் குற்றமில்லை, பாட்டின் மேலும் இல்லை. ஆனால் ஊளை என்றென்றைக்கும் ஏறிக்கொண்டே போக முடியாது. உடம்பிடம் அத்தனை எரிபொருள் கிடையாது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானாக இறங்கத் தொடங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கடிதத்தையும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிதத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. வண்டியைப் பூட்டச் சொன்ன டால்ஸ்டாய், அவர்கள் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தூங்கிப்போய்விட்டார். விழித்தபோது உடம்பு சரியாகிவிட்டிருந்தது. மறுநாள் பயணத்தில் அது மறுபடி வந்தது, ஆனால் மிகக் குறைந்த அளவில். அவ்வளவுதான்.

கதையில் அந்தத் தூக்கம் இல்லை. கதைசொல்லி பிரார்த்தித்துப் பார்க்கிறான், கண்ணை மூடினால் திகில் மறுபடி தூக்கி உட்கார்த்துகிறது, தாங்க முடியாமல் ஆட்களை எழுப்பிக் கிளம்பிவிடுகிறான். வெளிக்காற்றில் கொஞ்சம் தேவலை. ஆனால் ஏதோ ஒன்று வாழ்க்கையையே நஞ்சாக்கிவிட்டது. பிறகு மாஸ்கோ விடுதி அறையில் ஒரு தாக்குதல், வேட்டைக்குப் போன காட்டில் வழி தவறி இன்னொன்று. கடைசியில், குடியானவர்களின் வறுமையில் லாபம் பார்க்கும் நிலம் வேண்டாம் என்ற தெளிவு, கோயில் வாசலில் பிச்சைக்காரர்களுக்குக் கையிலிருந்ததைக் கொடுத்துவிட்டு நடந்து வீடு திரும்பும் முடிவு.

அந்த முடிவின் அறத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த இரவுக்கு அது விடையா என்பதுதான் சந்தேகம். அர்ஸமாஸ் பக்கங்களில் ஒவ்வொரு பொருளும் கண்ணை உறுத்தும்படி நிற்கிறது. கடைசிப் பக்கங்களில் பொருள்கள் மங்கிவிடுகின்றன, தீர்மானங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. டால்ஸ்டாய் கதையை முடிக்காமல் விட்டதற்கு இதுவும் காரணமாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். கடிதம் எழுதிய கணவன் 'வந்தது, போனது' என்கிறான். கதை எழுதியவருக்கு அது வந்துவிட்டுச் சும்மா போவது போதவில்லை. அது எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தூக்கத்தைக் கதைக்குள் விட்டிருந்தால் மனமாற்றம் நின்றிருக்காது.

இலக்கியத்துக்கு இது பழைய பழக்கம். வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட 'சமய அனுபவத்தின் வகைகள்' நூலிலும் இப்படி ஒரு திகில் வருகிறது. அந்தி நேரம், அறைக்குள் நுழைந்ததும் தன் இருப்பின் மீதே ஒரு பயங்கரம். ஒரு பிரெஞ்சுக்காரர் அனுப்பிய குறிப்பு என்றுதான் அதைக் கொடுத்தார். அது தன் சொந்தக் கதை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். உளவியல் பேராசிரியருக்கே இதைச் சொல்ல ஒரு முகமூடி வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பு வைக்கப்பட்ட இடமும் சமய அனுபவம் பற்றிய நூல்தான்.

நம் பக்கம் வந்தால் 1896 ஜூலையில் மதுரையில், சிற்றப்பா வீட்டு மாடியில், 16 வயதுப் பையன் வேங்கடராமனுக்கு வந்த மரண பயம் நினைவுக்கு வரும். உடம்பில் எந்த நோயும் இல்லாதபோது திடீரென வந்தது. பிறகு ரமணர் ஆன அவருடைய அனுபவத்தை ஒரு நோய்ப்பெயருக்குள் அடைக்க எனக்குத் தகுதியில்லை, விருப்பமும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றை மட்டும். டால்ஸ்டாய் வண்டியைப் பூட்டச் சொன்னார். அந்தப் பையன் பிணம்போலக் கை கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டான். சாவு வருகிறதா, சரி, செத்துப்போவது எது என்று பார்ப்போம் என்று அதற்கு இடம் விட்டான். ஆன்மிகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், ஓடாமல் படுத்தது ஒரு பெரிய செயல்.

இதே செயலை எந்த ஒளிவட்டமும் இல்லாமல் எழுதியவர் கிளேர் வீக்ஸ். 1903இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பல்லிகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்த விலங்கியலாளர், பிற்பாடு மருத்துவர். இளம் வயதில் காசநோய் என்று தவறாகச் சொல்லி அவரைக் காப்பகத்தில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து நெஞ்சுப் படபடப்போடு திரும்பினார். முதல் உலகப் போரில் இருந்த நண்பர் ஒருவர், பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, நீ பயத்தைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்றாராம். 1962இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் அந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது. முதல் பயம் உடம்பினுடையது, அதை நாம் கூப்பிடுவதில்லை. இரண்டாம் பயம் முதல் பயத்தைப் பார்த்து நாம் சேர்ப்பது. அவர் சொல்லும் வழி நாலு படி: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, காலத்தைப் போகவிடு.

சுயமுன்னேற்ற நூல் என்று இலக்கிய வாசகர்கள் இதை ஒதுக்குவார்கள். நானும் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் லேசான சிரிப்பு வரும். ஆனால் அந்த உரைநடையைக் கவனித்துப் பாருங்கள். சொன்னதையே திரும்பச் சொல்கிறார். வயிறு இப்படிக் கலங்கும், கால் இப்படித் துவளும், கை இப்படி வியர்க்கும், ஏன் என்றால் இதனால் என்று சலிக்காமல் போகிறார். பயந்த குழந்தையிடம் பெரியவர்கள் பேசும் பேச்சு அப்படித்தான் இருக்கும். ராத்திரி 2 மணிக்குப் படிக்கிறவனுக்குப் புதுமை தேவையில்லை, அதே வரி அதே இடத்தில் இருக்க வேண்டும். அந்தத் தேவையை அறிந்து எழுதியதும் ஒரு கலைதான் என்பேன். எனக்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் உதவின. ஆனால் பயிற்சி என்று தினம் செய்தது இதைத்தான்: விளக்கைப் போடாமல், கூகுளில் தேடாமல், மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டு, 'வா, எவ்வளவு தூரம் போறேன்னு பாக்கலாம்' என்று படுத்திருப்பது. முதலில் பல தடவை முடியவில்லை. பிறகு சில தடவை முடிந்தது.

அப்படியானால் டால்ஸ்டாயை விட்டுவிட்டு வீக்ஸை மட்டும் படிக்கலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். வீக்ஸிடம் அந்தச் சதுர அறை கிடையாது. கன்னத்து மறு கிடையாது. இது எனக்கு மட்டும் நடக்கிற பைத்தியம் என்று நம்பும் ஒருவருக்கு, உலகின் மிகத் திடமான மனங்களில் ஒன்று இதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று காட்டுவது அந்தக் கதைதான். அது துணை. ஆனால் துணையாக இருந்துவிட்டு உடனே உபதேசத்துக்குப் போய்விடுகிறது. உன் வாழ்க்கை பொய், அதனால்தான் இது வருகிறது என்கிறது. பகலில் படித்தால் ஆழமான வரி. ராத்திரியில் அது இரண்டாம் பயத்துக்குத் தீனி. வாழ்க்கையை மாற்ற வேண்டியிருக்கலாம், பலருக்கு வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைக் காலை ஒன்பது மணிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழில் இதை எழுத நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'நெஞ்சு' என்றால் நமக்கு மார்பும்தான், மனமும்தான். 'நெஞ்சு அடைக்குது' என்கிறவர் உடம்பைச் சொல்கிறாரா, துக்கத்தைச் சொல்கிறாரா என்று கேட்க வேண்டியதில்லை, இரண்டையும் சொல்கிறார். டால்ஸ்டாய் செய்த அந்தத் திருத்தத்தை இந்தச் சொல் அனுமதிக்காது. உடம்பையும் ஆத்மாவையும் பிரிக்காமல் இந்த இரவை எழுதுகிறவர், மரணத்தைக் கொண்டுவந்தாலும் சரி, கடவுளைக் கொண்டுவந்தாலும் சரி, வண்டி பூட்டும் நேரத்தில் வந்த அந்தத் தூக்கத்தையும் எழுத வேண்டும். திகில் எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை அதுவும். கதையில் விட்டுப்போனதைக் கடிதம் வைத்திருக்கிறது.