ஒரே 2.0, இரண்டு உடம்புகள்

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தின் சர்க்கரை அளவை இன்சுலின் அளவால் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர் வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் மேத்யூஸ், ராபர்ட் டர்னர் முதலானோர் 1985-ல் வெளியிட்ட கணக்கு இது. எண் கூடக் கூட, உடம்பு இன்சுலினுக்கு மசிய மறுக்கிறது என்று பொருள். இன்று லேப்களின் பரிசோதனைப் பட்டியலிலும் இதைப் பார்க்கலாம்: ஒரு வரி, ஒரு எண், பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்'.

இந்தக் கணக்கின் அருமை புரிய, உரைகல்லாகக் கருதப்படும் கிளாம்ப் சோதனையைப் பார்க்க வேண்டும். 1979-ல் ரால்ஃப் டிஃப்ரோன்சோ குழுவினர் விரிவாக எழுதிவைத்த முறை. ரத்தக்குழாய் வழியே இன்சுலின் சீராக ஏறும். சர்க்கரை சரியாமலிருக்க கூடவே குளுக்கோஸும் ஏறும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை ரத்தம் எடுத்து, சர்க்கரை சுமார் 90-லேயே நிற்கும்படி குளுக்கோஸின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். இரண்டு மணி நேரம் இந்தக் கூத்து. நிறைய குளுக்கோஸ் தேவைப்பட்டால், அந்த உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. நேர்மையான அளவீடுதான். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை இப்படிப் படுக்கவைக்க யாரால் முடியும்? அந்த இடத்தை மேத்யூஸின் கணக்கு நிரப்பியது. சர்க்கரை நோய் இல்லாதவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், அது கிளாம்ப் முடிவோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கூட்டத்துக்குப் பொருந்துவதை ஒற்றை ஆள்மேல் ஏற்றும்போதுதான் கோளாறு. இன்சுலின் ஒரே சீராகச் சுரப்பதில்லை, சில நிமிடங்களுக்கொரு முறை ஏறி இறங்குகிறது. அதனால் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை ரத்தம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. லேப்கள் வழக்கமாக எடுப்பது ஒன்றுதான். அந்த ஒன்றின் அளவும் கருவிக்குக் கருவி மாறும். எதற்கு மேல் போனால் 'அதிகம்' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பும் கிடையாது. தடித்த எழுத்துக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ!

சர்க்கரை நோயாளியிடம் சிக்கல் இன்னும் ஆழம். ஒருவருக்குச் சர்க்கரை 90, இன்சுலின் 9. இன்னொருவருக்குச் சர்க்கரை 162, இன்சுலின் 5. பெருக்கினால் இரண்டும் 810. வகுத்தால் இரண்டும் 2.0. முன்னவருக்கு நோய் இல்லை. பின்னவரின் கணையம் களைத்துவிட்டது, சுரக்க வேண்டியதைச் சுரக்க முடியவில்லை. இன்சுலின் குறைந்ததால் எண்ணும் இறங்கி, எதிர்ப்பே இல்லாதவர்போல அவரைக் காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், கணையத்தின் திறனுக்கும் அதே 1985 கட்டுரை ஒரு சூத்திரம் தந்திருக்கிறது. அதில் முன்னவருக்கு 120 சதவீதம், பின்னவருக்கு 18 சதவீதம். பிறந்தபோது இரட்டையாக இருந்த எண்ணில் ஒன்றை மட்டும் அச்சிட்டால் மருத்துவர் எதை வைத்து முடிவு செய்வார்?

இன்சுலின் ஊசி போடுபவருக்கோ இந்தக் கணக்கே செல்லாது. ரத்தத்தில் இருப்பது கணையம் சுரந்ததா, ஊசியில் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. முதல் வகை நோயாளிகளுக்காக இடுப்பு அளவு, ரத்த அழுத்தம், எச்பிஏ1சி மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் முறை பின்னால் வந்தது. அன்றாடத்தில் கைகொடுப்பது இன்னும் எளிய 1800 விதி: ஒரு நாளின் மொத்த இன்சுலின் 45 யூனிட் என்றால், 1800-ஐ அதனால் வகுக்க, ஒரு யூனிட் சர்க்கரை அளவை டெசிலிட்டருக்குத் தோராயமாக 40 மில்லிகிராம் இறக்கும். காய்ச்சல் வந்தால் அதே யூனிட் அவ்வளவு இறக்காது. நன்றாக நடந்த நாளில் கூடுதலாகவே இறக்கும். குளுக்கோமீட்டரை வைத்து அவரவர் திருத்திக்கொள்கிறார்கள்.