சிடியா, ஃபைலா? கேட்டும் சோதித்தும் பார்த்ததில்

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஒரிஜினல் சிடி ஒன்று என்னிடம் பல வருடங்களாக இருக்கிறது. அடிப்பக்கம் முழுக்க மெல்லிய கீறல்கள். ஆனாலும் எங்கேயும் திக்காமல் ஓடுகிறது. கீறலில் தொலையும் தரவைக் கணக்குப் போட்டு மீட்கும் பிழைதிருத்த முறையை 1982-ல் சிடி சந்தைக்கு வந்தபோதே சேர்த்துவிட்டார்கள்.

நாம் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில். லேசரைத் திருப்பியனுப்பும் அலுமினியப் பூச்சு லேபிளை ஒட்டியே இருக்கிறது. அதற்குக் காவல் ஒரு மெல்லிய மேல்பூச்சு மட்டும். சிடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளி தெரிந்தால், அங்கே அலுமினியம் போய்விட்டது.

வீட்டில் ‘ரைட்’ செய்த சிடிக்களின் கதை வேறு. அவற்றில் பாட்டு பதிவாவது ஒரு சாயத்தில். வெயிலும் சூடும் பட்டால் சாயம் கெடும். என் பழைய சிடி-ஆர்களில் சிலவற்றை டிரைவ் இப்போது அடையாளம்கூடக் காண்பதில்லை.

சத்தத்துக்கு வருவோம். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் தரவு. 128 கிலோபிட் எம்பி3-யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எம்பி3-யில் வயலின்கள் சேர்ந்து எழும் இடத்தில் வில் உரசும் சொரசொரப்பு மழுங்கி, எல்லாம் ஒரே குழம்பலாகிவிடுகிறது. அந்த உரசலுக்காகவே இந்த இசையைக் கேட்பவன் நான். 320 கிலோபிட்டில் என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஃப்ளாக் ஃபைலோ ஒரு பிட்கூட இழப்பதில்லை. பெரும்பாலும் பாதியளவு இடமே போதும். ஆகவே ‘சிடியில்தான் அசல் சத்தம்’ என்ற பேச்சு ஃப்ளாக்கிடம் எடுபடாது.

ஆனால் ஹார்ட்டிஸ்க் படுத்தால் மொத்தத் தொகுப்பும் ஒரே நாளில் போகும். ஸ்ட்ரீமிங்கில் உரிமம் முடிந்தால் பாட்டே காணாமல் போகும்.

என் தீர்ப்பு: பிடித்த இசையை ஒரிஜினல் சிடியாக வாங்குங்கள். ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ போன்ற மென்பொருளால் ஃப்ளாக்காக மாற்றி, வெவ்வேறு டிஸ்க்குகளில் இரண்டு பிரதி வையுங்கள். லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் சிடி டிரைவ் கிடைக்கிறது. சிடியை வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். நீங்களே ரைட் செய்த சிடிக்கள் இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள், இந்த வாரமே.