எழுத்தைப் படமாக்கலாமா?

தமிழ் இணையப் பக்கங்களிலே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. கவிதையாயினும் கூட்ட அறிவிப்பாயினும் அதனை வண்ணப் பின்னணியில் எழுதி, ஒரே படமாக்கி வெளியிடுகின்றனர். கண்ணுக்கு அது விருந்துதான். ஆயின், தமிழுக்கு நலமா என்பதே நம் வினா.

இவ்வழக்கம் தோன்றத் தக்க காரணம் இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. எனவே படம் அன்று ஒரு புகலிடமாயிற்று. யூனிகோடு கைப்பேசி வரை பரவிவிட்ட இந்நாளிலும் அப்புகலிடத்திலேயே குடியிருப்பது ஏன்?

இதனால் விளையும் தீங்குகள் மூன்று. முதலாவது, தெளிவு கெடுதல். 1992-இல் தரமாக வகுக்கப்பட்ட ஜேபெக் முறை ஒளிப்படத்துக்கென அமைந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பகுத்து, கண் எளிதில் உணராத நுண்மாற்றங்களைக் கழித்துவிடுகிறது. வானத்திலும் முகத்திலும் இவ்விழப்புத் தெரியாது. எழுத்தின் கூரிய விளிம்பிலோ அழுக்குப் படிந்தாற்போல் தோன்றும். அளவு மீறிச் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளியும் மங்கிவிடும். 'கண்' என்பது 'கண' ஆனால் இளம் மாணவன் என்ன செய்வான்? ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லாமையால் பதிப்பாசிரியர் பட்ட இடர் நாம் அறிந்ததே. அச்சு தேடித் தந்த புள்ளியை நாமே இழப்பதா?

இரண்டாவது, படத்திலுள்ள சொல்லைத் தேடுவது அரிது. எடுத்துக் கையாள்வதும் அரிது. மூன்றாவது, எழுத்தை ஒலியாக்கித் தரும் கருவியால் படிக்கும் பார்வையற்றோர்க்கு அப்பக்கம் ஊமையாகிவிடுகிறது.

செய்யத்தக்கது யாது? எழுத்தை எழுத்தாகவே இடுக. சுவடி, கையெழுத்து போன்றவற்றைப் படமாகத்தான் காட்ட வேண்டுமெனின், அதன் வாசகத்தைக் கீழே தருக. எழுத்தும் கோட்டுருவமும் கொண்ட படத்துக்கு, எதனையும் இழக்காது சுருக்கும் பிஎன்ஜி முறை ஏற்றது; இது 1996 முதல் வழக்கிலுள்ளது. ஒளிப்படத்துக்கு ஜேபெக் போதும்; ஆனால் முதலில் அளவைக் குறைக்க வேண்டும். 4000-க்கு 3000 பிக்சல் கொண்ட படத்தை, 800-க்கு 600 பிக்சலே வேண்டிய இடத்தில் அப்படியே ஏற்றுவது, வேண்டியதைப்போல் இருபத்தைந்து மடங்குச் சுமையைப் படிப்பவர் தலையில் ஏற்றுவதாகும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பும் கூடுமாதலின், மூலப்படத்தைத் தனியே காத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே படியெடுத்தல் நன்று.

பள்ளிப் பக்கங்களையும் பாடத்தாள்களையும் ஆக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக. படத்தின் அழகு ஒருநாள் அலுக்கலாம். எழுத்தாய் இட்ட தமிழோ, தேடுவோர்க்கெல்லாம் என்றும் கிட்டும்.